மன உறுதிக்கு முன் சோறு



உணவுக்கோளாறால் மெலியும் பிள்ளையிடம் "மனதைத் திடப்படுத்திக்கொண்டு சாப்பிடு" என்பதே நம்மவர் வைத்தியம். சிகிச்சையின் ஒழுங்கோ நேர்மாறானது. 1944-45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் அன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சிலர் சமையல் குறிப்புகளைக்கூடச் சேகரித்தார்கள். பட்டினியே மனதைத் திரித்துவிடுகிறது என்றால், எடை மீள்வதுதான் முதற்படி. மன உறுதி அதன்மேல் கட்டப்படுவது. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை, உணவூட்டும் பொறுப்பைத் தற்காலிகமாகப் பெற்றோரிடம் கொடுப்பது அதனால்தான். பெற்றோர் அதட்டுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதட்டாமல் பக்கத்திலிருக்கப் பழக்குவதே சிகிச்சையாளரின் பாதி வேலை.

2022 பொருளாதார நெருக்கடியில் ஒருவேளைச் சோற்றுக்கே திண்டாடிய இலங்கையில் உணவுக்கோளாறு பணக்கார நோய் என்பார்கள். ஆனால் பிஜியின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். மெலிவதற்காக வாந்தியெடுக்கும் வழக்கத்தை 1998இல் அங்குள்ள மாணவியரிடம் ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவுசெய்தார். அவர்கள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளல்ல. நம் தோட்ட லயத்து அறைகளுக்கும் இன்று கைபேசி வந்துவிட்டது. குடும்பமே மருந்தின் பாதி என்றால் மொழி சில்லறை விடயமல்ல. பேராதனை வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் தரப்படும் உளவளத்துணை, கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வரும் தாய்க்குத் தமிழிலேயே கிடைக்க சுகாதார அமைச்சு வழிசெய்யவேண்டும்.

வாசகர்,
கண்டி