பெயரைப் பார்க்காதே, முதுகைப் பார்!

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ காயலான் கடையில் மரப்பெட்டி வால்வு ரேடியோ கண்ணில் பட்டால், நாம் முதலில் பார்ப்பது மர்ஃபியா, புஷ்ஷா, பிலிப்ஸா என்றுதான். கடைக்காரரும், "நூறு வருஷத்துப் பொருள் தம்பி" என்பார். நம்பாதீங்க! ஒரு கம்பெனிப் பெட்டிக்குள் இன்னொரு கம்பெனி சேஸி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ரேடியோவின் ஜாதகம் அதன் முதுகில்தான் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின் அட்டையைக் கழற்றி, வால்வு எண்ணைப் படியுங்கள். இ.சி.எச்.81 என்றிருந்தால், அந்த வால்வு வந்ததே 1950-களில். நூறு வருஷக் கதை அங்கேயே முடிந்தது. முதல் எழுத்து 'இ' என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். 'யூ' என்றால் 100 மில்லி ஆம்பியர். ஹீட்டர்கள் தொடர் இணைப்பில் இருக்கும். ஜாக்கிரதை! இந்த ஏசி-டிசி செட்டுகளில் மெயின்ஸைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பிளக்கை மாற்றிச் செருகினால் சேஸியிலேயே 230 வோல்ட்! "பாடுதா பாரு" என்று ஒருவர் பிளக் போட, சேஸியில் கை வைத்து நான் வாங்கிய அடி இன்னும் மறக்கலை.

பெயரைப் படிக்க யாருக்கும் தெரியும். எண்ணைப் படிக்க டிப்ளமோ படிக்கிற நமக்குத்தானே தெரியணும்? ரேடியோவை வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த 'யூ' எழுத்தைக் கடைக்காரரிடம் காட்டி எச்சரித்துவிட்டு வாருங்கள். தினமும் அதைத் தொடுகிறவர் அவர்தானே!