ஒன்பதாம் வகுப்பு யாருடைய பொறுப்பு?

பத்தாம் வகுப்பு என்றால் ஊரே விழித்துக்கொள்ளும். மாலைச் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு, சனிக்கிழமை வகுப்பு என்று பள்ளி பரபரக்கும். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பையன்கள் எங்கள் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த வகுப்பில்தான்.

ஒரே நாளில் யாரும் நின்றுவிடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை வராமல் போவான். அடுத்து முகூர்த்த நாள். ஆவணியிலும் தையிலும் வருகைப் பதிவேட்டைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் காரணம் புரிந்துவிடும். எங்கள் பள்ளி இருப்பது விசைத்தறிப் பகுதி. பந்தி பரிமாற, பந்தல் போட, தறிக்கு நூல் சுற்ற என்று பதினான்கு வயதுக் கைகளுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது சிலர் லாங் ஆப்சென்ட் ஆகிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் காரணங்கள் வேறு: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், நடந்து வரப் பயம். சில வீடுகளில் அடுத்து வருவது மாப்பிள்ளைப் பேச்சு.

இந்த வயதில் சட்டமும் பிடியைத் தளர்த்துகிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான், அதாவது எட்டாம் வகுப்போடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்குச் சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகள்தான் தடை. பந்தி பரிமாறுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, 14 வயது நிரம்பிய ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பந்திக்கு அழைத்துப் போகிறவர் சட்டப்படி குற்றவாளி இல்லை, பையன் படிக்காமல் நின்றாலும் சட்டப்படி கேள்வி இல்லை.

சோறும் அப்படித்தான். காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு என்றாலும் அது மதியம். காலை ஷிப்டுக்கு அம்மா தறிக்குப் போய்விட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை பிரேயரில் மயங்கி விழுந்தால், தலைமையாசிரியர் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வரச் சொல்லுவார். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி மேசை இழுப்பறையிலும் அப்படி ஒரு பாக்கெட் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வறுமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி உண்மைதான். எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ். அது சரியான கொள்கை என்றே நான் கருதுகிறேன். பத்து வயதுப் பிள்ளையைத் தோற்கடித்துப் படிப்பு வரவழைத்தவர் யாருமில்லை. ஆனால் கற்காத பாடம் பிள்ளையோடு கூடவே வகுப்பு மாறி வருகிறது. ஒன்பதில் நான் மெய்யெண்களை எடுக்கும்போது, கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவன் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவனைக் கண்டுபிடிப்பது எளிது. சாக்பீஸ் வேண்டுமென்றால் முதலில் எழுந்து ஓடுபவன் அவன்தான். மேசை தூக்க, மைக் செட் கட்ட, குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போட, எதற்கும் தயார். அந்த நேரத்துக்கு வகுப்பிலிருந்து தப்பிக்கலாமே! இதே சுறுசுறுப்பைப் பந்தியில் கண்டால் மேஸ்திரி, 'கெட்டிக்காரப் பையன்' என்று தட்டிக்கொடுக்கிறார், கையில் சில நூறு ரூபாயும் தருகிறார். எங்கள் வகுப்பிலோ அவனுக்கு மக்கு என்று பெயர். எங்கே மரியாதை கிடைக்கிறதோ அங்கேதான் அவன் போவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதல் கேள்வி ஆசிரியர்களாகிய எங்களுக்கே. திறமையான ஆசிரியரைப் பத்துக்குப் போட்டுவிட்டு, மிச்ச பாடவேளைகளை ஒன்பதுக்குக் கொடுக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. வெளி வேலைக்கு ஆசிரியரை அனுப்பினால் காலியாவது ஒன்பதாம் வகுப்பு. ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராதவர்களுக்கென்று 2025-இல் 'திறன்' என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. அதைப் பதிவேட்டு வேலையாக முடித்துவிடாமல் பாடமாக நடத்துவது எங்கள் கையில்.

அடுத்தது ஊர். 1958 தொடங்கி, காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலம் தந்தார்கள், கட்டடம் தந்தார்கள், பெஞ்சும் கடிகாரமும் தந்தார்கள். இன்று பெஞ்சு வாங்க முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவே போதும். ஊர் தர வேண்டியது கண்காணிப்பு. பள்ளி மேலாண்மைக் குழு அதற்குத்தான் இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆனால் கூட்டம் வேலை நாளில், பிற்பகலில் வைக்கப்படுகிறது. தறிக்குப் போகும் தாய் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுப் போக வேண்டுமா? மாலையில் வைக்கலாம். தீர்மான நோட்டில் மேற்கூரை ஒழுகுவதைக் குறிப்பதற்கு முன்னால், இந்த மாதம் தொடர்ந்து வராதவர்கள் எத்தனை பேர், யார் யார் வீட்டுக்குப் போவது என்பதை எழுதலாம். ஆசிரியர் தனியாகப் போய்க் கதவைத் தட்டினால் 'வரச் சொல்றேன் சார்' என்பார்கள். பக்கத்துத் தெரு அக்கா கூட வந்தால் பேச்சே வேறு.

கிராம சபையிலும் இந்த எண்ணிக்கையை வாசிக்க வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். பஸ் நேரத்தை மாற்றும்படி போக்குவரத்துக் கழகத்துக்கு ஊராட்சித் தீர்மானம் போனால், ஆசிரியர் எழுதும் விண்ணப்பத்தைவிட வலுவாக இருக்கும். பள்ளிப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது.

பெற்றோருக்குக் கணக்காகவே ஒன்று சொல்லலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால், பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய். ஒன்பதில் நின்றவனுக்கு அது இல்லை.

அரசு காலை உணவைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் சமையல்காரருக்கும் மேஸ்திரிக்கும் முன்பணம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போடுங்கள்: பள்ளிக்கூடம் உள்ள நாளில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பரிமாற வரக் கூடாது. பெரியவர்களை வைத்தால் கூலி கொஞ்சம் கூடும். அதைக் கொடுத்துவிடுங்கள்.