பசுவை விற்று வாங்கிய கவசம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மேயர் ராதாகிருஷ்ணன் ஆக்கி மைதானம் இருக்கிறது. 2023 ஆகஸ்டு மாதம் அங்கே ஒருவர் தமது 300-வது சர்வதேசப் போட்டியில் ஆடினார். அவர்தான் இந்திய அணியின் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ்!

கேரளத்தில் எர்ணாகுளம் பக்கத்துக் கிழக்கம்பலம் அவருடைய ஊர். விவசாயக் குடும்பம். 12 வயதில் திருவனந்தபுரம் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஆக்கிக்கு வந்தார். கோல் கீப்பர் ஆவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் சங்கடம் பிறந்தது.

ஆக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும். பெனால்டி கார்னரில் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும். கோல் கீப்பருக்குக் கால் கவசம் வேண்டும். மார்புக் கவசம், கையுறை, தலைக்கவசம் வேண்டும். எல்லாம் விலை உயர்ந்தவை. வீட்டில் பணம் இல்லை. தந்தை பசுவை விற்றார்! இதை ஸ்ரீஜேஷே சொல்லியிருக்கிறார். பாலும் தந்து, அவசரத்துக்கு நாலு காசும் தருவது பசு. அதை விற்க எளிதில் மனம் வருமா?

2006-ல் அவர் இந்திய அணிக்கு வந்தார். 2014 ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டியில் பாகிஸ்தானின் பெனால்டிகளைத் தடுத்தார், தங்கம் கிடைத்தது. 2021 ஆகஸ்டு 5, டோக்கியோ ஒலிம்பிக். இந்தியா 5, ஜெர்மனி 4. இன்னும் சில வினாடிகளே பாக்கி. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர்! நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தடுத்துவிட்டார்! 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஆக்கியில் ஒலிம்பிக் பதக்கம். அவரோ கோல் கம்பத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

2024 பாரிசில் பிரிட்டனுடன் கால் இறுதி. நம்மவர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. 40 நிமிடங்களுக்கு மேல் 10 பேரே ஆடினார்கள். அப்படியும் 1-1. ஷூட்-அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. மீண்டும் வெண்கலம் பெற்றதும் அவர் ஓய்வு பெற்றார். 2025 டிசம்பரில் ஜூனியர் அணியின் பயிற்சியாளராக மறுபடியும் எழும்பூருக்கு வந்தார். அந்தப் பையன்களும் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள்.

பசு விற்ற கதையைக் கேட்டு எல்லோரும் கை தட்டுகிறார்கள். நமக்குக் கை தட்டத் தோன்றவில்லை. அந்த வீட்டில் பசுவே இல்லாதிருந்தால்?

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டையில் தினக்கூலி வாங்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அங்கே பசுவும் இல்லை, விற்க வேறொன்றும் இல்லை. கூர்மையான கண்ணும் துணிச்சலும் உள்ள பிள்ளைகள் அங்கேயும் பிறக்கிறார்கள். கோல் கீப்பரின் கவசம் பெற்றோர் வாங்க வேண்டிய பொருள் அல்ல. பெஞ்சு, கரும்பலகை போலப் பள்ளிக்கூடத்தின் பொருள். காலையில் ஒரு பையன் அணியலாம். மாலையில் ஒரு பெண் அணியலாம். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் சிறிய அளவில் ஒன்று, பெரிய அளவில் ஒன்று வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகமும் பழைய மாணவர்களும் கூடிப் பேசினால் இந்த ஆண்டே வாங்கிவிடலாம்.