மனசு கல்லு என்பது பொய்

வடசென்னை ராயபுரத்தில் ஒரு தெருமுனை மன்றம். கேரம் ஆட்டம் நடக்கிறது. சிவப்பைப் போட்டாயிற்று, அதைத் தக்கவைக்க இனி ஃபாலோ காய் விழ வேண்டும். காய் பாக்கெட் வாயிலேயே நிற்கிறது. ஆடுகிற பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் அவள் விரல் நடுங்கியது. துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். தவறியது. சிவப்பு மறுபடி நடு வட்டத்துக்கு வந்தது. "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு போர்டு?" என்றார் பயிற்சி கொடுப்பவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஊறிப்போன நம்பிக்கை இது: ஹார்பரில் மூட்டை தூக்கியவர் வீட்டுப் பிள்ளைக்கு மனசு கல்லு, மனப் பயிற்சி வசதியானவர்களுக்குத்தான். சான்றாக, 2008இல் உலக கேரம் சாம்பியனான வியாசர்பாடி இளவழகியையும், 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமாவையும் காட்டுவார்கள். வறுமைதான் ஜெயிக்க வைக்கும் என்றால் இங்கே வீட்டுக்கு ஒரு சாம்பியன் இருக்க வேண்டும். பாதியில் ஆட்டத்தை விட்டுப் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

விரல் நடுங்குவது கோழைத்தனம் அல்ல. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, தசை இறுகுகிறது. குத்துச்சண்டை மேடையில் கைகொடுக்கும் அதே வேகம் கேரம் போர்டில் காலை வாரிவிடும். மூச்சை மெல்ல நீட்டி விட்டால் படபடப்பு தணியும். ஒவ்வொரு அடிக்கும் முன்பு ஒரே வரிசையில் செய்யும் சின்னப் பழக்கம், கவனத்தைக் காய்மேல் நிறுத்தும். கட் ஷாட் போலவே இதையும் பழக்கலாம்.

மருத்துவர் மகன் குகேஷ் 2024 உலகச் சதுரங்கப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்; கடைசியில் பட்டம் வென்றார். அவருடன் மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் இருந்தார். குகேஷை யாரும் கோழை என்று சொல்லவில்லையே!

செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்திரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையைக் காட்டிப் பறித்தார்கள். அந்த வலி அவரைத் தற்கொலை முயற்சிவரை தள்ளியது. வறுமை மனதை இரும்பாக்கும் என்பவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.

திருவொற்றியூர், ராயபுரம் மன்றங்களுக்கு வாரம் ஒருநாளாவது விளையாட்டு உளவியலாளர் வர வேண்டும். அரசு இதைச் செய்தே ஆக வேண்டும். அதுவரை, பயிற்சியாளர்களே, அடுத்த முறை ஒரு விரல் நடுங்கினால் இவ்வளவாவது சொல்லுங்கள்: "அவசரமில்லம்மா, மூச்சை விட்டுட்டு அடி."