கடன் தீர்ந்த வீட்டில் கிறிஸ்துமஸ்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கடன் வாங்காதே என்று சொல்லாத பெரியவர்கள் இல்லை. வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று வழி சொல்பவர்களும் உண்டு. ஆனால் கடனை அடைத்து முடித்த மறுமாதம் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 'அடைத்தாகிவிட்டது, இனி என்ன கவலை' என்று இருந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், ஓர் ஏழைக் குடும்பம் மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டிய காலம் அதுதான் என்பேன். அந்த மாதத்தோடு பண்டிகையும் சேர்ந்து வந்துவிட்டால் சோதனை இரட்டிப்பாகிறது. கடந்த டிசம்பர் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது. அதையொட்டி என் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கடன் வந்த வழி

தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்று என் ஊர். தந்தையார் கொத்தனார், தாயார் பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது தந்தையார் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன்பின் ஆறு மாதம் அவரால் சாரம் ஏற முடியவில்லை. காப்பீடு எலும்பைச் சேர்த்து வைத்தது. அடுப்பை யார் எரிய வைப்பது?

தாயார் பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்து 40,000 ரூபாய் கடன் வாங்கினார். குறையும் நிலுவைக்கு மாதம் 100க்கு 2 ரூபாய் வட்டி. மாதந்தோறும் ஏழாம் தேதி 2,115 ரூபாயாக 24 தவணை. கணிதம் படிக்கிறவள் ஆகையால் கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் 50,760 ரூபாய். அதில் வட்டி மட்டும் 10,760.

குழுக் கடன் எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். ஆகவே பணக் கவலையைவிட மானக் கவலைதான் பெரிது. இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் மாதம் ஒன்றாம் தேதி தொடங்கவில்லை. ஏழாம் தேதிதான் தொடங்கியது. தாயார் இரவு பதினொரு மணிவரை மடியில் தட்டோடு இருந்ததும், தந்தையார் கால் முழுதும் ஆறுமுன் சித்தாள் வேலைக்குப் போனதும் அந்த ஏழாம் தேதிக்காகத்தான். புதுமைப் பெண் திட்டத்தில் என் கணக்கிற்கு வந்த 1,000 ரூபாயும் கடைசித் தவணைகளுக்குத் துணை நின்றது. கடந்த நவம்பரில் கடன் தீர்ந்தது.

விடுதலை நாளில் விரித்த வலை

கடைசித் தவணையை வாங்கிக்கொண்ட அந்த நிமிடமே, வசூலுக்கு வந்தவர் இன்னொரு தாளை நீட்டினார். "அக்கா, நீங்க ஒரு தவணைகூடத் தவறல. இந்தத் தடவை அறுபதாயிரம் கெடைக்கும். கிறிஸ்மஸ் வேற வருது" என்றார். தாயார், "வேண்டாம் தம்பி. ரெண்டு வருசம் கழிச்சு இந்த மாசந்தான் நல்லா மூச்சு விடுதேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த இளைஞரை நான் குறை கூறவில்லை. அவருக்கும் மாத இலக்கு உண்டு, அவர் வீட்டிலும் அடுப்பு உண்டு. ஆனால் அந்தத் தாளில் இருந்த கணக்கைப் பார்க்க வேண்டும். அதே வட்டியில் 60,000 ரூபாய்க்கு மாதத் தவணை 3,172 ரூபாய். 24 மாதத்தில் 76,128 ரூபாய். ஒரு மாதப் பண்டிகையின் மகிழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகளின் உறக்கம் விலை!

கடன் தீர்ந்த மாதம் ஏன் ஆபத்தானது? காரணங்கள் மூன்று என்பது என் கருத்து. முதலாவது, நின்றுபோன தவணைப் பணம் புதிதாக வந்த வருமானம் போலத் தோன்றுகிறது. உண்மையில் வருமானம் ஒரு ரூபாயும் கூடவில்லை. இரண்டாவது, அடக்கி வைத்த ஆசைகள் எல்லாம் ஒரே நாளில் எழுந்து நிற்கின்றன. தம்பிக்குச் சைக்கிள், தாயாருக்குப் புடவை, கூரைக்குத் தகரம் என்று பட்டியல் நீளுகிறது. ஒவ்வொன்றும் நியாயமான ஆசைதான். எல்லாம் சேர்ந்தால்தான் அநியாயம். மூன்றாவது, ஒழுங்காகக் கட்டியவர் என்ற நற்பெயரே இன்னும் பெரிய கடனுக்குத் தகுதியாகிவிடுகிறது. தேர்வில் வெற்றி பெற்ற மாணவனுக்குப் பரிசாக அதைவிடக் கடினமான தண்டனையைக் கொடுப்பது போன்றது இது.

சட்டம் நம்மைக் காக்காதா என்று கேட்கலாம். 2010இல் ஆந்திரத்தில் ஒரே வீட்டின் மேல் பல நிறுவனங்களின் நுண்கடன்கள் குவிந்து, பெரும் துயரம் விளைந்து, அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள், ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கின்றன. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்றியது. இவை எல்லாம் நல்லவையே. ஆனால் பாதி என்பது சட்டம் போட்ட மேல் எல்லை. அவ்வளவு வாங்கலாம் என்ற அறிவுரை அன்று. 14,000 ரூபாய் வருமானத்தில் 7,000 ரூபாய்த் தவணையைச் சட்டம் அனுமதிக்கும். அரிசிப் பானை அனுமதிக்குமா?

வாங்குபவர் மாறினார்

எங்கள் வீட்டில் ஒரு முடிவு செய்தோம். ஏழாம் தேதியை மாற்றுவதில்லை. பணத்தை வாங்குபவரை மாற்றிவிடுவது. டிசம்பர் ஏழாம் தேதியை ஒட்டித் தாயார் அதே 2,115 ரூபாயை எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய்த் தம் சேமிப்புக் கணக்கில் போட்டார். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அப்படியே. மூன்று மாதத்தில் 6,345 ரூபாய். நான் மூன்றாம் ஆண்டை முடிக்கும் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை இப்படியே நடந்தால், 17 மாதத்தில், வட்டியைச் சேர்க்காமலே 35,955 ரூபாய் இருக்கும். பட்டம் வாங்கியதும் நான் பீடிக் கட்டோடு உட்காருவதா, மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுவதா என்பதை அந்தத் தொகைதான் தீர்மானிக்கப் போகிறது. ஆகையால் சிக்கனம் என்பது எனக்கு மேடைப் பேச்சுக்கான தலைப்பு அன்று.

அப்படியானால் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லையா? கொண்டாடினோம். தந்தையாரின் கூலியிலிருந்து 2,500 ரூபாய் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். புதுத்துணி தம்பிக்கு மட்டும். பரணில் கிடந்த பழைய நட்சத்திரத்துக்குப் புதுத் தாள் ஒட்டி, பல்பு மாற்றினோம். கேக் வாங்கவில்லை, பாசிப்பயறு வறுத்து, கருப்பட்டி சேர்த்து, தாயார் முந்திரிக்கொத்து செய்தார். கேரல் பவனியில் வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்தோம். ஒன்றை மட்டும் குறைக்கவில்லை. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் எங்களுக்குப் பலகாரம் தந்த ஏழு வீடுகளுக்கும் தட்டு போயிற்று. பிறர் கொடுத்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பித் தருவது எங்கள் தெருவில் வழக்கம் இல்லை.

இதிலிருந்து நான் கண்ட உண்மை இதுதான்: சிக்கனம் வெட்ட வேண்டியது ஆடம்பரத்தையே அன்றி உறவை அன்று. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் பிறந்த நாளுக்குக் கடன் வாங்கித்தான் ஒளியேற்ற வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

மறுப்புகளும் விடைகளும்

"இது சிக்கனமா, கஞ்சத்தனமா?" என்று உறவினர் சிலர் கேட்டனர். கஞ்சத்தனத்துக்கு உலகம் காட்டும் உதாரணமே ஒரு கிறிஸ்துமஸ் கதையில்தான் இருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கதையின் ஸ்க்ரூஜை ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். அவன் குற்றம் குறைவாகச் செலவழித்தது அன்று. பணம் நிறைய இருந்தும் பிறருக்குக் கை நீட்ட மறுத்தது. அதே கதையில், கடன் கொடுத்தவன் இறந்தான் என்று கேட்டு நிம்மதி அடையும் ஓர் ஏழைத் தம்பதியும் வருகிறார்கள். டிக்கன்ஸுக்கு அந்த வேதனை ஏட்டுக் கல்வி அன்று. 1824இல் அவருடைய தந்தை கடனுக்காக லண்டன் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தார். கடனாளியின் நெஞ்சம் அறிந்தவர் எழுதிய கதை, கடன் வாங்கிக் கொண்டாடச் சொல்லுமா?

பொருளியல் படிக்கும் தோழி ஒருத்தி வேறொரு கேள்வி கேட்டாள். எல்லாரும் செலவைச் சுருக்கினால் கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் வருமானம் ஏது? 1936இல் கெயின்ஸ் தம் நூலில் இந்த முரண்பாட்டைத்தான் விளக்கினார் என்றாள். நல்ல கேள்வி. ஆனால் நாங்கள் வட்டியாகக் கட்டிய 10,760 ரூபாய் எங்கள் தெருவில் எந்தக் கடைக்குப் போயிற்று? அது ஊரைவிட்டே போயிற்று. கடனில்லாதவர் அந்தப் பணத்தை இன்றில்லாவிட்டாலும் நாளை எங்கள் ஊர்த் தையற்காரரிடமும் பலசரக்குக் கடையிலும்தான் கொடுப்பார். ஏழையின் சேமிப்பு என்பது செலவழிக்காமல் இருப்பது அன்று. வட்டியின்றிப் பிறகு செலவழிப்பது.

மூன்றாவது மறுப்பை நானே எழுப்புகிறேன். வயிறு நிறைந்தவர்கள் வயிறு காய்ந்தவர்களுக்குச் சிக்கனம் போதிப்பது கொடுமை அன்றோ? ஆம், கொடுமைதான்! எங்கள் கடனுக்குக் காரணம் ஊதாரித்தனம் அன்று. விபத்து நேர்ந்தால் கூலி நின்றுபோகும் வாழ்க்கைதான் காரணம். பீடி சுற்றும் கைக்கும் கல் சுமக்கும் தோளுக்கும் தக்க கூலி கிடைக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1994 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு இல்லாத தொழிலாளி ஒருவர்கூட இருக்கலாகாது. இந்த உரிமைகளைக் கேட்பதை நிறுத்திவிட்டுச் சிக்கனமாக இரு என்று யாரேனும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் உரிமை வந்து சேரும்வரை நம் கழுத்தை நாமே இன்னொரு கயிற்றுக்குள் நுழைக்க வேண்டியதில்லை. கடனில்லாதவருக்குத்தான் கூலி உயர்வு கேட்கவும் துணிவு வரும். ஏழாம் தேதிக்கு அஞ்சுகிறவர் எப்படி எதிர்த்துப் பேசுவார்?

வள்ளுவர் இதை நன்கு உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. வருவாய் சிறிதானாலும் செலவு அதைவிடப் பெருகாதிருந்தால் தீங்கில்லை என்ற கருத்தை அவர் துறவறத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். அரசன் தன் வலிமையை அளந்தறியும் இடம் அது. ஆகவே அளவறிந்து வாழ்தல் ஏழ்மையின் அடையாளம் அன்று, வலிமையின் அடையாளம்.

நாம் செய்யக்கூடியவை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். பட்டம் கைக்கு வரும் முன்பே நாம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. நம் தாய்மார்களின் கடன் அட்டைகளை எடுத்து வாசித்துக் காட்டுவோம். வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வோம். கடன் அட்டை கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் கடன் முழுதும் தீர்ந்ததற்கும் அதில் ஒப்புதல் இருக்க வேண்டும் என்பதும், நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். இவற்றை அறியாத வீடுகள் எத்தனை!

அடுத்து, பண்டிகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிடுவோம். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் இந்த ஜனவரியில் வாரம் 50 ரூபாய்ச் சீட்டு தொடங்கியிருக்கிறார்கள். 48 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 2,400 ரூபாய். யாரென்று தெரியாதவர் நடத்தும் சீட்டு அன்று. நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை எல்லார் முன்னும் எண்ணிப் பார்க்கும் சீட்டு. கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் இதே வழி பொருந்தும்.

கடைசியாக, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டு வட்டியை வகுப்பில் சூத்திரமாகக் கற்றுத் தருகிறீர்கள். ஒரே ஒரு மணி நேரம், ஓர் உண்மையான கடன் அட்டையைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுத் தாருங்கள். தேர்வில் அந்த வினா வராமல் போகலாம். ஆனால் வகுப்பில் இருக்கும் பாதிப் பேர் வீட்டில் அந்த வினா ஏற்கெனவே வந்து காத்திருக்கிறது. விடை எழுதத் தெரிந்த முதல் தலைமுறை நாம்தான்.