அம்பு ஏன் இங்கிருந்து கிளம்புது?

ஏ-லெவல் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், ஆர்கானிக் பகுதி வந்ததும் ஃப்ளாஷ் கார்டுகள் குவிய ஆரம்பிச்சுடும். நமக்கும் நிம்மதி, பிள்ளை உட்கார்ந்து படிக்குதே! ஆனா பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கும்போது எங்க அக்கா பொண்ணு சொன்னா: "எல்லா கார்டும் மனப்பாடம் மாமா. மூலக்கூறைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா ஒண்ணுமே வரல. மெடிசின் எனக்குச் சரிப்படாது போல."

உழைப்பில் குறையில்லை. படிக்கிற விதத்தைத்தான் மாத்தணும்.

அவளோட நாலு கார்டை மட்டும் எடுத்துக்கிட்டோம். அசைல் குளோரைடு தண்ணீரோட சேர்ந்தா கார்பாக்சிலிக் அமிலம், ஆல்கஹாலோட எஸ்டர், அம்மோனியாவோட அமைடு, அமீனோட இன்னொரு வகை அமைடு. பார்க்க நாலு வினை, நடக்கிறது ஒண்ணுதான். அந்த மூலக்கூறில் ஒரே கார்பனோடு ஆக்சிஜனும் குளோரினும் இணைஞ்சிருக்கு. ரெண்டும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும், கார்பனுக்குப் பற்றாக்குறை. தண்ணீர், ஆல்கஹாலில் இருக்கிற ஆக்சிஜனிடமும், அம்மோனியா, அமீனில் இருக்கிற நைட்ரஜனிடமும் கொடுக்க ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கு. அது கார்பனைத் தேடிப் போகுது. இரட்டைப் பிணைப்பு திறக்குது, திரும்ப உருவாகும்போது குளோரைடு வெளியேறுது. அவ்வளவுதான்.

இது புரிஞ்சா ஆல்டிஹைடும் சயனைடும் சேர்றதை ஊகிக்கலாம். தொடக்கம் அதேதான். ஆனா வெளியேற அங்கே குளோரின் இல்லை. அதனால ஆக்சிஜன் ஒரு புரோட்டானை வாங்கிக்கிட்டு அப்படியே தங்கிடுது.

இந்த ஓட்டத்தைக் காட்டத்தான் வளைந்த அம்பு. 1922ல் கெர்மாக், ராபின்சன் இருவரும் ஒரு கட்டுரையில் பயன்படுத்திய குறியீடு இது. எலக்ட்ரான் இருக்கிற இடத்தில் கிளம்பி, தேவைப்படுகிற இடத்தில் முடியும்.

நம்ம பிள்ளைங்க தமிழ் கத்துக்கிட்டதும் இப்படித்தானே? 'வீட்டுக்கு', 'கடைக்கு', 'ஸ்கூலுக்கு'ன்னு தனித்தனியா யாரும் உருப்போடல. 'க்கு' பிடிபட்டதும் புது ஊர்ப் பேரோடும் சேர்த்துப் பேசிடுறாங்க.

மனப்பாடமே வேண்டாம்னு சொல்லல. ஃபங்ஷனல் குரூப் பெயர்கள், எந்த வினைக்கு எந்த ரீஏஜென்ட், டைகுரோமேட் ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் என்பது, இதெல்லாம் நினைவில் இருக்கணும். ஆனா காரணம் இருக்கிற இடத்தில் காரணத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். எத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்யும்போதே டிஸ்டில் பண்ணினா ஆல்டிஹைடு, ரிஃப்ளக்ஸ் பண்ணினா அமிலம். ஏன்? எத்தனால் கொதிக்க 78 டிகிரி வேணும், உருவாகும் எத்தனாலுக்குச் சுமார் 20 போதும் (ஒண்ணு ஆல்கஹால், இன்னொண்ணு ஆல்டிஹைடு, தமிழில் எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி!). டிஸ்டில் பண்ணினா ஆல்டிஹைடு ஆவியா தப்பிச்சுடும். ரிஃப்ளக்ஸில் திரும்ப உள்ளே விழுந்து அமிலமாகும்.

நேரம் குறைவா இருந்தா இப்படிச் செய்யலாம். கார்டுகளைப் பாட வரிசையில் வைக்காம, ஒரே மாதிரி நடக்கிறதை ஒரு கட்டாக்கணும். தினமும் ஒரு கட்டு. புத்தகத்தை மூடிட்டு வெள்ளைத்தாளில் அம்புகளை வரைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம். மறுநாள் அதே கட்டிலிருந்து, பார்க்காத ஒரு மூலக்கூறு.

இதுக்கு உதவ நமக்குக் கெமிஸ்ட்ரி தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. "எத்தனை கார்டு முடிச்சே?"ன்னு கேட்கிறதை நிறுத்திட்டு, தாளில் ஒரு அம்பைத் தொட்டு, "இது ஏன் இங்கிருந்து கிளம்புது?"ன்னு கேளுங்க. தயங்காம சொன்னா புரிஞ்சிருக்கு. தடுமாறினா, இன்னைக்கு எதைத் திரும்பப் படிக்கணும்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுடும்.