பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினி



2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்து, ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் ஏரலும் தீவுகளாயின. நீர் வடிந்த வாரங்களில் திருமுழுக்குச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் கேட்டு நம்மிடம் வந்தோர் பலர். வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தவை கூழாகிவிட்டன. பங்கின் பதிவேடுகள் உயரமான அலமாரியில் இருந்தமையால் தப்பின. தப்பின என்பதே உண்மை. நாம் காத்தோம் என்று சொல்வதற்கில்லை. அடுத்த வெள்ளத்திற்கு முன் அவற்றின் பக்கங்களையெல்லாம் படமெடுத்துக் கணினியில் சேர்த்துவிட வேண்டும் என்னும் எண்ணம் அன்றுதான் நமக்கு உறுதிப்பட்டது.

அதற்குக் கணினி வேண்டுமே! புதியது வாங்கப் பங்கில் பணம் இல்லை. இந்நிலையில் ஆழ்வார்திருநகரியில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றோம். அவ்வீட்டு மகள் கல்லூரியில் கணினி பயில்பவள். அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி பரணில் கிடந்தமையால் வெள்ளத்திற்குத் தப்பியிருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கொடை அது. "ஓடுது சாமி, ஆனா திறக்கிறதுக்குள்ள ஒரு செபமாலை சொல்லி முடிச்சிடலாம்" என்றாள் தாய். மகளோ, "வட்டை மாத்தினா பறக்கும் சாமி, பங்குக்கே எடுத்துக்கோங்க" என்றாள்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் என்னும் லினக்சும் இருந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். டெபியன் என்னும் லினக்சை அடியாகக் கொண்டு, மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. நாம் அறிந்த வீடுகளில் அதனைத் திறந்து பார்த்தவர் அரியர். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் எழுதத் தொடங்கிய லினக்சின் சிறப்பே, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு நமக்கேற்ற அமைப்பை நாமே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான். அப்பெண் டெபியனின் அடித்தளத்தை மட்டும் நிறுவி, அதன்மேல் எளிய திரையமைப்பு ஒன்று, தமிழ்த் தட்டச்சு, படம் வருடும் செயலி என நான்கைந்தே சேர்த்தாள். எனினும் அதன் வேகத்திற்குப் பெருங்காரணம், பழைய வன்வட்டு இருந்த இடத்தில் அவள் பொருத்திய எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலை வட்டே.

வட்டு என்பது பழக்கத்தால் நின்ற பெயர். உள்ளே சுழல்வது எதுவுமில்லை. பழைய வன்வட்டில் தகடு சுழன்று, ஊசி போன்ற முனை இடம் தேடிச் செல்ல ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். திடநிலை வட்டுக்கோ அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா 1980களில் கண்டளித்த பிளாஷ் நினைவகமே இதன் உயிர். நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதே அங்கே எழுத்து.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதனை உப்பளத்தைக் கொண்டு விளக்கலாம். ஒரு பாத்தியில் உப்பு விளைந்தபின், அதன் ஒரு மூலையை மட்டும் வாரிவிட்டு அங்கே புதுநீர் பாய்ச்ச இயலுமோ? பாத்தி முழுவதையும் வாரியாக வேண்டும். திடநிலை வட்டும் அவ்வாறே. பக்கம் பக்கமாக எழுதும். அழிப்பதோ பாத்தி பாத்தியாகத்தான். அழிக்க அழிக்கப் பாத்தி தேயும். இக்காலத்தில் பரவலாகக் கிடைக்கும் வகையில் ஒரு பாத்தியை ஏறக்குறைய ஆயிரம் முதல் மூவாயிரம் முறை வரை அழித்தெழுதலாம். ஒரே பாத்தி தேயாதபடி வேலையை எல்லாவற்றுக்கும் பகிர்ந்தளிக்க உள்ளே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அளத்துக் கணக்கப்பிள்ளை என்று கொள்க.

நாம் ஒரு கோப்பை நீக்கினால், அது நீங்கியது என்பது லினக்சுக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் வேண்டாத உப்பைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுமந்துகொண்டிருப்பார். "இவை இனி வேண்டா" என்று அவருக்கு அறிவிக்கும் ஏற்பாட்டிற்கு ட்ரிம் என்று பெயர். லினக்சில் வாரம் ஒருமுறை அதனைச் செய்யும் எஃப்.எஸ்.ட்ரிம் என்னும் பணி உண்டு. சில லினக்சுகளில் அது தானே இயங்கும், சிலவற்றில் நாமே ஒருமுறை முடுக்கிவிட வேண்டும். எதற்கும் பார்த்துக்கொள்வது நல்லது. கோப்பைப் படித்த நேரத்தைக்கூட எழுதிவைக்கும் பழக்கத்தை நிறுத்த, 'நோ-ஏ-டைம்' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். 2009 முதலே லினக்ஸ் அப்பழக்கத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டமையால் இதனால் வரும் பயன் சிறிதே. வட்டினை விளிம்புவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கேனும் வெற்றாக விட்டுவைத்தால் கணக்கப்பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

தேய்ந்துபோகுமே என்று அஞ்சி இதனை வாங்கத் தயங்குவோர் உளர். 80 டெராபைட் வரை எழுதலாம் என்று குறிக்கப்பட்ட வட்டில் நாள்தோறும் 10 கிகாபைட் எழுதினாலும் 8,000 நாள் செல்லும். 21 ஆண்டுகளுக்கும் மேல். பங்கு அலுவலகம் அதில் பாதியும் எழுதாது. அஞ்சவேண்டியது வேறொன்றை, அதில்தான் நாம் தவறவிருந்தோம்.

பதிவேடுகளையெல்லாம் படமெடுத்து முடித்தபின், வேறொரு திடநிலை வட்டில் அவற்றைப் பதிந்து, பாலித்தீனில் சுற்றி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இனி எந்த வெள்ளம் வந்தாலென்ன என்னும் நிறைவு நமக்கு. அப்பெண் அதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். "கரண்ட் இல்லாம வருசக்கணக்கா வச்சா மறந்துடும் சாமி!" அறையில் அடைத்த மின்னூட்டம் மெல்லக் கசியும் என்பதை அப்போதுதான் அறிந்தோம். வீட்டுக் கணினிகளுக்கான வட்டு, தன் எழுத்துத் தவணை முழுவதும் தேய்ந்த பின்னரும், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பின் அளவுகோல். புதிய வட்டு அதைவிட நெடுநாள் தாங்கும். வெப்பம் மிகுந்தால் காலம் குறையும். நம் சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் 30 பாகையா இருக்கும்? பழைய வன்வட்டு பழுதாகுமுன் பெரும்பாலும் கரகரக்கும். இதுவோ ஒரு நாள் சொல்லாமல் ஓய்ந்துவிடும். ட்ரிம் செய்த வட்டில், நீக்கிய கோப்பை மீட்பதும் அரிது.

அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைக் கேட்டபோது அவ்வூரின் பழங்கதை நினைவுக்கு வந்தது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். இலட்சுமண கவிராயர் வீட்டில் தேடினார். தேடிய சுவடி அவ்வூரிலேயே அவர் கைக்கு எட்டியது. 1889 இல் பத்துப்பாட்டு அச்சேறியது. சங்கப் பாட்டு எழுதப்பெற்ற முதல் ஓலையன்று அவர் கண்டது. அது மண்ணாகி எத்தனையோ நூற்றாண்டு சென்றிருக்கும். செல்லரிக்குமுன் யாரோ படியெடுத்தார், அதிலிருந்து மற்றொருவர் படியெடுத்தார். அவ்வாறு வந்த ஏடு அது. திருச்சபையும் இதனை அறியாததன்று. பங்கின் ஏடுகளுக்கு ஆண்டு முடிவில் உறுதிப்படுத்திய படியெடுத்து ஆயரகத்திற்கு அனுப்புமாறு 1917 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 470 ஆம் எண் பணித்தது. 1983 ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஏடுகளைப் பற்றிய 535 ஆம் எண்ணில் அக்கட்டளை இல்லை. இல்லாவிடினும் செய்யலாமன்றோ?

இப்போது நம் ஏற்பாடு இது. அன்றாட வேலைக்கு மடிக்கணினியில் உள்ள திடநிலை வட்டு. பதிவேடுகளில் குடும்பங்களின் அந்தரங்கமும் இருப்பதால், தொடக்கத்திலேயே அவ்வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டது. கணக்கப்பிள்ளை எழுத்தை இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர் ஆதலால், பின்னர் மேலெழுதி முற்றும் அழித்தோம் என்று உறுதி கூற இயலாது. இரும்புப் பெட்டி வட்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து, மின்சாரம் பெற்று, முழுவதும் படித்துச் சரிபார்க்கப்படுகிறது. ஒரு படி வேறு ஊரில், மேட்டு நிலத்தில். தாள் பதிவேடுகள் தம் அலமாரியிலேயே இருக்கின்றன.

கழற்றிய பழைய வன்வட்டை அப்பெண் எறியவில்லை. சிறு உறையிலிட்டு யு.எஸ்.பி. கம்பி வழியே இணைத்தாள். பத்தாண்டாக யாரும் பாராத படங்கள் அதில் இருந்தன. அண்ணனின் புதுநன்மைப் படத்தைக் கண்டதும் தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தாள். அதன் அச்சுப்படி வெள்ளத்தோடு போயிருந்தது. எத்தனை படி வேண்டும் என்று மகள் கேட்டாள். மூன்று என்றாள் தாய்.